மடத்துக்குப் போன லேப்டாப்

ஆம்பூர்
3 ஜூன் 2024

எழில்,

மதியழகன் எழுதுகிறேன். உறையின் மேல் 'சிஸ்டர் ஜெனோவா' என்று போட்டிருக்கிறேன். அப்படி எழுதாவிட்டால் மடத்தில் உன் கைக்கு வந்து சேராது என்று சித்தி சொன்னாள். உள்ளே அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆறு வருடம் கழித்து நலம் விசாரிக்க எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. உங்கள் மடத்தில் யாரும் வெளியே வரக் கூடாது, போனில் பேசக் கூடாது, கடிதம் மட்டும்தான் என்பதால் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஷூ கம்பெனியில் எங்கள் கட்டிங் பிரிவை மூடுகிறார்கள். புது மெஷின் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் நான் கையால் வெட்டிய தோலை அது தானாகப் பார்த்துத் தானாக வெட்டுகிறது. பதினாறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் வாஹித் பாஷா சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மதி, உனக்குத் தோலும் தெரியும், பேட்டர்னும் தெரியும். கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடக் கத்துக்கினா டிசைன் ரூம்ல உன்ன உக்கார வெச்சிடுவேன். ஆகஸ்ட் வரைக்கும்தான் டைம்" என்றார். அதற்கான மென்பொருளையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

வேலூர் லாங் பஜாரில் ஆமிர் என்பவர் கடையில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். முதல் நாலு நாள் நன்றாக இருந்தது. பிறகு மூடியை முழுக்கத் திறந்தால் திரை அணையும், கொஞ்சம் முன்னால் சாய்த்தால் வரும். போன வாரத்தோடு அதுவும் நின்றுபோனது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, உள்ளே காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. கடையில் காட்டினேன். முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

நீ ஒன்பது வருடம் வேலூர் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து இதைத்தானே பார்த்தாய். இன்னும் ஞாபகம் இருந்தால் எழுது.

அம்மா சாவுக்கே வராதவளிடம் இதைக் கேட்கிறேன் பார். கேட்க வேறு ஆள் இல்லை.

மதியழகன்


மடம், திண்டுக்கல்
10 ஜூன் 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. இங்கே வரும் கடிதங்களை எங்கள் மடத்துத் தலைவி மதர் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். உங்களுடையதைக் கொடுக்கும்போது, "இது என்ன, நோய் மாதிரி எழுதியிருக்கிறாரே, யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். கம்ப்யூட்டருக்கு என்றேன். "அப்படியானால் வைத்தியம் எழுது" என்று இரண்டு தாள் கொடுத்தார்.

நீங்களும் சுந்தரி அண்ணியும் சுகமாக இருக்கிறீர்களா?

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் தெளிவாக இருக்கின்றன. காற்றாடி சுற்றுகிறது என்றால் உயிர் இருக்கிறது. முதலில் ஒன்று செய்யுங்கள். இதற்கு எந்தச் சாமானும் வேண்டாம், ஒரு டார்ச் போதும்.

அறையை இருட்டாக்குங்கள். லேப்டாப்பைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். பிறகு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. தோலில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பீர்களே, அந்த மாதிரி. ஒரு மூலையிலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். அவசரப்படாதீர்கள். என்ன தெரிந்தாலும், ஒன்றும் தெரியாவிட்டாலும் அப்படியே எழுதுங்கள்.

அதற்குள் புதுத் திரை எதுவும் வாங்கிவிட வேண்டாம்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தினமும் காலை ஜெபத்தில் அம்மா பெயரைச் சொல்கிறேன். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் என்னால் எழுத முடியவில்லை.

உங்கள் தங்கை


ஆம்பூர்
17 ஜூன் 2024

எழில்,

முதலில் இந்த 'நீங்கள்' எல்லாம் வேண்டாம். என்றைக்கு நீ என்னை நீங்கள் என்று கூப்பிட்டாய்? நீ எழுதியதைப் படித்தபோது ஏதோ பாங்கிலிருந்து வந்த கடிதம் போல இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நேற்று ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜன்னல் கதவைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, உள் அறையை இருட்டாக்கினோம். சுந்தரி லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் டார்ச்சைச் சாய்த்தேன். முதலில் தூசிதான் தெரிந்தது. என் விரல் ரேகை தெரிந்தது. சரி, இவளும் நமக்குக் கதை சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு கையை இன்னும் தாழ்த்தினேன். எழில், அங்கே ஒரு மலை இருந்தது!

வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு மலைச் சரிவு. டார்ச்சை நகர்த்தினால் மலை முடிந்து ஏரி வந்தது. ஏரிக்குப் பக்கத்தில் நான் போட்டு வைத்த பேட்டர்ன் மென்பொருளின் சின்னப் படம். அதற்குக் கீழே அதன் பெயர், ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க முடிந்தது. வலது பக்க மூலைக்குக் கொண்டுபோனேன். மணி 11.42 என்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 11.43 ஆயிற்று.

மூன்று வாரமாக இதைச் செத்துப்போனது என்று நினைத்து அலமாரிக்கு மேல் வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தியபோதும் அது எழுந்து, படத்தைப் போட்டு, நேரத்தைக் காட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறது. நான்தான் கருப்பைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன்.

சுந்தரி, "இன்னாங்க இது, உள்ள எல்லாம் அப்பிடியே கீதே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். டார்ச் சூடாகும்வரை இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மிஷினையும் கண்ணால் பார்க்காமல், இது உனக்கு எப்படித் தெரிந்தது?

இனி என்ன செய்ய வேண்டும், எழுது. சீக்கிரம் எழுது.

மதி


மடம், திண்டுக்கல்
24 ஜூன் 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணா,

சரி, நீ என்றே எழுதுகிறேன். எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கும் மூச்சு நேராக வந்தது.

மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் நாங்கள் பேசலாம். அப்போது உன் கடிதத்தில் மலை வந்த பகுதியை எல்லோருக்கும் வாசித்தேன். பதினொரு பேர் கையிலிருந்த தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். 11.43 வந்த இடத்தில் எங்கள் மதர் 'ஆ' என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். லேப்டாப் திரை இரண்டு வேலை செய்கிறது. முன்னால் இருக்கும் கண்ணாடி படத்தை வரைகிறது. ஆனால் அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் ஒரு விளக்கு வரிசை இருக்கிறது, அது எரிந்தால்தான் படம் நம் கண்ணுக்கு வரும். உன்னுடையதில் விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. மூடியைத் திறக்கிற கோணத்தைப் பொறுத்து அணைந்து எரிந்தது என்று நீ எழுதியபோதே சந்தேகப்பட்டேன். கீழ்ப்பகுதியிலிருந்து திரைக்குப் போகும் ஒயர், மூடியின் கீலுக்குள் நுழைந்து போகிறது. பழைய லேப்டாப்பில் திறந்து மூடி அந்த இடம் தேய்ந்துபோகும்.

சர்வீஸ் சென்டரில் சேர்ந்த முதல் மாதம் எனக்கும் ஒருவர் டார்ச் அடித்துக் காட்டினார். அன்றைக்கு நான் சாப்பிடப் போகவில்லை. வரிசையில் இருந்த எல்லாக் கருப்புத் திரையிலும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒயரில் கை வைப்பதற்கு முன் இன்னொரு சோதனை. லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு செவ்வக ஓட்டை இருக்கும். அதிலிருந்து உங்கள் டிவிக்கு ஒரு கேபிள் போடு. அதன் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், கடையில் தாளைக் காட்டினால் கொடுப்பார்கள். டிவியில் படம் வந்தால் உள்ளே வேறு எதுவும் பழுதில்லை என்று அர்த்தம். டிவியை வைத்துக்கொண்டே நீ பாடத்தையும் தொடங்கிவிடலாம். ஆகஸ்ட் வரை நாள் அதிகம் இல்லை.

உன் தங்கை


ஆம்பூர்
30 ஜூன் 2024

எழில்,

பேஜாராகப் போய்விட்டது. கேபிள் போட்டேன். டிவியில் அந்த மலையும் ஏரியும் பெரிசாக, பச்சையும் நீலமுமாக வந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் சுந்தரியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஆனால் அவ்வளவுதான். மலையும் ஏரியும் மட்டும். மென்பொருளின் படம் இல்லை, ஒன்றுமே இல்லை. டார்ச்சில் பார்த்தால் லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது, டிவியில் இல்லை. அம்புக்குறி டிவியில் கொஞ்ச நேரம் ஓடுகிறது, இடது ஓரத்துக்குப் போனால் காணாமல் போய்விடுகிறது. சுவருக்குள் பல்லி நுழைகிற மாதிரி. அங்கே போய் என்ன செய்கிறது என்று தெரியவில்லை. கொஞ்சம் இழுத்தால் திரும்பி வருகிறது.

அடுத்த வாரம் வாஹித் பாஷா சார் எவ்வளவு கற்றுக்கொண்டேன் என்று கேட்பார். மலை பார்த்தேன் என்று சொல்லவா?

இன்னொன்று. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நல்ல வேலையில் இருந்தாய். நாங்கள் யாரும் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். வீட்டில் நாங்கள் ஏதாவது தப்பு செய்தோமா? அம்மா சாகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதி


மடம், திண்டுக்கல்
6 ஜூலை 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணா,

பல்லியைப் படித்துச் சிரித்துவிட்டேன். உன் லேப்டாப் டிவியை இரண்டாவது மேசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டு ஒரே நீள மேசையாக்கிவிட்டது. சாமான் எல்லாம் முதல் மேசையில், இருட்டுக்குள் இருக்கிறது. அம்புக்குறி ஓரத்தைத் தாண்டி அங்கேதான் போகிறது. அதற்கு அந்த இருட்டு ஒரு பொருட்டே இல்லை, நன்றாக நடமாடிவிட்டு வருகிறது.

விசைப்பலகையில் கீழ் வரிசையில் ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு P-ஐத் தட்டு. இரண்டையும் விட்டுவிட்டு, மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட பட்டனை ஒரு முறை தட்டி, எண்டர் கொடு. இரண்டு திரையிலும் ஒரே படம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி செய், பயப்படாதே, எதுவும் கெட்டுப்போகாது.

டிவியில் எல்லாம் சரியாக வந்தால் ஒயர்தான். பிரித்துப் பார்க்கும் முறையைத் தனித்தாளில் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்காதே. தோலில் அரை மில்லி பிசகாமல் வெட்டிய கை உன்னுடையது. இது அதைவிடச் சுலபம்.

நீ கேட்ட மற்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு வேலை பிடித்திருந்தது. வீடு பிடித்திருந்தது. துக்கத்தில் போகவில்லை, அண்ணா. சந்தோஷமாக இருந்த ஒரு நாளில்தான் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அதை இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை, அதனால்தான் சரியாகச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அம்மாவிடமாவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

உன் தங்கை


ஆம்பூர்
15 ஜூலை 2024

எழில்,

நீ சொன்ன நாலு பட்டன். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை டிவி ஒரு முறை கண் சிமிட்டியது, எல்லாம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் ஷிப்டு முடிந்து வந்து டிவி முன்னால்தான் உட்காருகிறேன். சுந்தரியின் சீரியல் எல்லாம் போய்விட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மென்பொருளின் பாடப் புத்தகத்தை எனக்கு வாசித்துக்காட்டுகிறாள்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு ஷூவின் மேல்பகுதிக்கு முன் துண்டு, இரண்டு பக்கத் துண்டு, குதிகால் துண்டு எல்லாம் வரைந்துவிட்டேன். தட்டையாகக் கிடந்தன, நாங்கள் மேசையில் வெட்டிப் போடுகிற மாதிரியே. புத்தகத்தில் சொன்ன பட்டனைத் தட்டினேன். பழைய லேப்டாப் இல்லையா, காற்றாடி இரைந்தது, ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து வளைந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரு முழு ஷூ ஆகி, வெறும் வெளியில் நின்று சுற்ற ஆரம்பித்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் துண்டுகள்தான். வெட்டியது தையலுக்குப் போகும், தைத்தது இன்னொரு கட்டிடத்துக்குப் போகும், ஷூ பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். என் கை வெட்டியது எப்படி நிற்கிறது என்று நான் சுற்றிப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். மேலிருந்து, பக்கத்திலிருந்து, உள்ளே கால் போகிற இடத்திலிருந்து. குதிகால் ஓரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, என் தப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுந்தரி, "இதுக்கு எதுக்குங்க அழுவுறீங்க?" என்றாள்.

நேற்று லேப்டாப்பைப் பிரித்தேன். பேட்டரியைக் கழற்றினேன். ரப்பர் பொட்டுக்கு அடியில் நீ சொன்ன இடத்தில் திருகாணி. பிளாஸ்டிக் ஸ்கேலால் ஓரத்தை நெம்பினேன். 'இடது கீலில் பார்' என்று அம்புக்குறி போட்டிருந்தாய். அங்கேதான் ஒயரின் மேலுறை உரிந்திருந்தது. திரைக்குப் பின்னால் செருகும் முனை பாதி வெளியே வந்திருந்தது. துடைத்து அழுத்தினேன், 'டக்' என்று உட்கார்ந்தது. உரிந்த இடத்தில் டேப் சுற்றி, அதற்கு மேல் செம்மறி லைனிங் தோலில் காகிதம் மாதிரி சீவிய துண்டு ஒன்றைச் சுற்றினேன். அது எங்கள் தொழில்.

பட்டனை அழுத்தினேன். எரிந்தது. முழுக்கத் திறந்தேன், எரிந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியப்பன், "யாரு ரிப்பேர் பண்ணது?" என்றார். "எந் தங்கச்சி" என்றேன். ஆறு வருடத்தில் அந்த வார்த்தையை வெளியாளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

மதி

16 ஜூலை

நேற்று எழுதிய கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இதையும் எழுதாமல் ஒட்டக் கூடாது.

நான் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். லேப்டாப்பை நான் எந்தக் கடையிலும் காட்டவில்லை. போனில் சொன்னதற்கே ஆமிர், "கொண்டாங்கண்ணே, ஒரு மணி நேர வேலை" என்றார். நான் போகவில்லை. உனக்கு எழுத ஒரு காரணம் கிடைத்தது, அதை விட மனசில்லை.

இரண்டாவது பெரிய பொய். பாலாற்றில் வெள்ளம் ஓடிய அந்த நவம்பரில் அம்மா புதன்கிழமை காலையில் போனாள். மறுநாள் சாயங்காலம் அடக்கம். உங்கள் மடத்து நம்பர் என் போனில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. உனக்கு எழுதிய கார்டை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு சனிக்கிழமைதான் தபால் பெட்டியில் போட்டேன். விட்டுவிட்டுப் போனவளுக்கு எதற்கு என்ற ஆங்காரம். சொந்தக்காரர்களிடம், சொன்னேன், வரமாட்டேன் என்றுவிட்டாள் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். சொல்லிச் சொல்லி நானும் பாதி நம்பிவிட்டேன்.

சித்தி உன்னைத் திட்டி எழுதினாளாம். நீ எழுதிய பதிலை எனக்கு வாசித்துக்காட்டினாள். 'வர முடியாமல் போனது, மன்னியுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தாய். கார்டு எப்போது வந்தது என்று நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என் முகத்திரை கிழிந்திருக்கும். எழுதவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.


மடம், திண்டுக்கல்
23 ஜூலை 2024

இயேசுவுக்குப் புகழ்.

அண்ணா,

எனக்குத் தெரியும்.

கார்டு 25-ஆம் தேதி வந்தது. தபால் முத்திரையில் 20 என்று இருந்தது. கார்டிலேயே, 17-ஆம் தேதி அம்மா போனாள் என்று எழுதியிருந்தாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா அம்மா சாவுக்கு மட்டும் எங்களை வெளியே விடுவதுண்டு. அன்றைக்கு மதர், "தெரிந்திருந்தால் உன்னை அனுப்பியிருப்பேனே, பிள்ளை" என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. இரண்டு வருடம் உன்மேல் கோபமாக இருந்தேன். ஜெபத்தில் உன் பெயர் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். சித்திக்கு உண்மையை எழுதத் தாள் எடுத்தேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். அம்மா இல்லாத வீட்டில் இனி நீதான் இருக்கிறாய், உன்னையும் சொந்தக்காரர்கள் ஒதுக்கிவிட்டால் யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. அதனால் அந்த வரியை எழுதினேன். கோபம் பிறகு, ரொம்ப மெதுவாக, குறைந்தது. எப்போது போனது என்று எனக்கே தெரியாது. உன் முதல் கடிதம் வந்தபோது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

நீ சொல்லிவிட்டாய். போதும். இனி இதை இரண்டு பேரும் எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடக்கத்துக்கு முன் எல்லோரும் நின்று போட்டோ எடுப்பார்களே, எடுத்தீர்களா? அம்மாவின் கடைசி முகத்தை நான் பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டார் வந்து எங்களைப் பார்க்கலாம். அடுத்த சந்திப்பு நாள் ஆகஸ்ட் 25, ஞாயிறு. நடுவில் கம்பித் தடுப்பு இருக்கும், ஆனால் நன்றாகப் பார்க்கலாம், பேசலாம்.

உன் தங்கை


ஆம்பூர்
12 ஆகஸ்ட் 2024

எழில்,

போட்டோ இருக்கிறது. சுந்தரியின் பழைய போனில் கிடந்தது. பிரிண்ட் போட்டு அனுப்பட்டுமா என்று யோசித்தேன். வேண்டாம், நேரில் கொண்டுவருகிறேன். லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். ஏற்றும்போது நான் அதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒரு தடவையும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை டிசைன் ரூமில் எனக்குப் பரீட்சை. என் பேட்டர்னைப் பெரிய திரையில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். வாஹித் பாஷா சார், "இன்னா மதி, நெஜமாவே நீயா போட்ட?" என்றார். குதிகால் ஓரத்தைச் சரிசெய்திருந்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு அங்கே நாற்காலி.

25-ஆம் தேதி நானும் சுந்தரியும் வருகிறோம். லேப்டாப்பை உள்ளே விடுவார்களா, மதரைக் கேட்டுவை.

மதி


மடம், திண்டுக்கல்
2 செப்டம்பர் 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணா,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. இங்கே இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. பேச்சு நேரத்தில் வேறு பேச்சே இல்லை.

எண்பத்தோரு வயது சிஸ்டர் மரியநேசம் உன் ஷூ சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடியில யாரு உக்காந்து சுத்துறா?" என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். அவர் மடத்துக்குள் வந்தது 1966-இல். யாரும் சுற்றவில்லை, தானாகச் சுற்றுகிறது என்று நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை. ஆனால் தினமும் என்னைப் பிடித்து, "உன் அண்ணன் செருப்பு எவ்வளவு அழகு" என்கிறார்.

நீ மூடியைத் திறந்து கம்பிக்கு அருகே வைத்தபோது, என் கை தானாக வெளியே வந்து கீலைத் தொட்டுப் பார்த்தது. தோல் சுற்றிய இடம் கீல் இடுக்கில், ஒயருக்கு மேல் மொழுமொழுவென்று இருந்தது. ஒன்பது வருடத்தில் நான் சரிசெய்த எதிலும் அவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை.

பிறகு நீ போட்டோவைத் திறந்துவிட்டு, டீ குடிக்கிறேன் என்று எழுந்து போய்விட்டாய். நீ டீக்குப் போகவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

அம்மாவைப் பார்த்தேன். திரை முழுக்க, அவ்வளவு வெளிச்சத்தில். நீலப் புடவை. விரல்களில் ஜெபமாலை. இறந்தவர்கள் தூங்குகிற மாதிரி இருந்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை. அம்மா தூங்கும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கும், இதில் மூடியிருந்தது. அவள் இறந்துவிட்டாள் என்று மூன்று வருடமாக எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பிக்குள் கையை விட்டு நெற்றியைத் தொட்டேன். திரை இளஞ்சூடாக இருந்தது. சுந்தரி அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாக நகர்த்திக் காட்டினார். சித்தி, அவள் பிள்ளைகள், கன்னியப்பன் மாமா, உன் கம்பெனிக்காரர்கள். அப்படியே ஓரத்துக்கு வந்தபோது நீ வந்தாய். நீ திரும்பி வந்ததும் இதைச் சொல்ல நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாய், அப்போது சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்றாய். இனிமேல் பார். அதில் எல்லோரும் அம்மாவைப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் கேமராவைப் பார்க்கிறார்கள். நீ ஒருவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறாய். கண் அவ்வளவு சிவந்திருக்கிறது, ஆனால் பார்வை அந்தப் பக்கமே இருக்கிறது. இவன் எதைப் பார்க்கிறான் என்று அண்ணியிடம் கேட்டேன்.

அண்ணி திரையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அந்தப் பக்கம் தெருதாம்மா இருக்குது. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வர்ற வழி. ரெண்டு நாளும் அப்பிடித்தான் அந்த வாசப்படியில நின்னுகினு இருந்தாரு. யாருக்கு வெயிட் பண்றீங்கன்னு கேட்டா, யாருக்கும் இல்லன்னாரு."

உன் தங்கை